வெள்ளைப் பைப்பிங்கில் விழுந்த சிவப்பு

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கம்பெனிப் பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. போன மாதம் போனில் ஒரு சட்டைப் படம் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "எஸ்தரக்கா, அமெரிக்காக்காரன் மறுபடியும் இதத்தான் கேக்கான். யோக் முனை எங்களுக்குக் கோணிக்கிட்டே போவுது. ஒங்க காலத்துல எப்படித் தச்சிய?"

படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். செத்துப்போனதாக நாங்கள் நினைத்திருந்த சட்டை எழுந்து வந்துவிட்டது. அங்கே மாடு மேய்க்கிறவர்கள் போட்டிருந்த சட்டை அது. வெஸ்டர்ன் சட்டை என்று ஆர்டரில் எழுதியிருக்கும், நாங்கள் 'குதிரைச் சட்டை' என்போம். தோளிலிருந்து நெஞ்சுவரை தனியாக ஒரு துணி வைத்துத் தைத்திருக்கும், அதற்குப் பெயர் யோக். சாதாரணச் சட்டையில் அது முதுகுப் பக்கம் நேர்கோடாக நின்றுவிடும். இதில் முன்னாலும் இறங்கி, மார்பில் இரண்டு பக்கமும் கூர்முனையாக முடியும். அந்த விளிம்பு முழுக்க வேறு நிறத்தில் கயிறு மாதிரி மடித்த மெல்லிய துணி ஓடும், அது பைப்பிங். பட்டன் துளை கிடையாது. முத்து மாதிரி பளபளக்கும், அழுத்தினால் மூடுகிற டிச் பட்டன்தான், கைக்கு மட்டும் மூன்று மூன்று.

தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே ரோட்டோரம் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தது நூல் பிசிறு வெட்ட. அப்புறம் செக்கிங் மேசை. ஓய்வு பெறும்போது குவாலிட்டி இன்சார்ஜ். இடையில் என்ன படித்தாய் என்றால், பத்தாம் வகுப்பு தாண்டவில்லை. திட்டு வாங்கிப் படித்ததுதான் அதிகம். என் வீட்டுக்காரர் கடைசிவரை வேட்டிதான் கட்டினார். "ஊரு உலகத்துக்கெல்லாம் சட்டை பாக்கா, எஞ் சட்டைல பட்டன் இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். உண்மையும் அதுதான், மறுக்க முடியாது.

முதன்முதலில் குதிரைச் சட்டை ஆர்டர் வந்தபோது எங்களில் ஒருவருக்கும் அதன் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செக்கிங்கில் இருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலை பண்ணினோம். டிச் பட்டனை இழுத்துப் பார்த்து, சுலபமாகத் திறந்துகொண்ட சட்டைகளை எல்லாம் குறை என்று ஒதுக்கினோம். பெண்கள் நிறைந்த இடம். லேசாக இழுத்தால் மார்பு திறந்துகொள்கிற சட்டையை நல்ல சட்டை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பல்லால் கடித்தாலும் திறக்காதபடி இறுக்கமான ஜாதி பட்டனாக மாற்றச் சொன்னோம். ஒழுக்கமான வேலை செய்துவிட்ட திருப்தி எங்களுக்கு.

அந்த ஆர்டரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். வயதானவள், நரைத்த தலை. தானும் ஒரு குதிரைச் சட்டை போட்டிருந்தாள். எங்கள் சட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. இன்னொன்றை இழுத்தாள், அதுவும் அப்படித்தான். எங்கள் முகத்தில் பெருமை வழிந்தது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, தான் போட்டிருந்த சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரே வெடுக்கு. பட்டனெல்லாம் படபடவென்று திறந்துகொண்டன. உள்ளே பனியன் இருந்தது, ஆனால் அதைப் பார்க்க யார் நின்றார்கள்? பாதிப் பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள், மீதிப் பேர் மெஷினுக்குக் கீழே நூல்கண்டு தேடினார்கள்.

வந்திருந்த மொழிபெயர்ப்புக்காரர் விளக்கினார். மாட்டுக் கொம்பிலோ குதிரைச் சேணத்திலோ சட்டை மாட்டிக்கொண்டால் ஆள் இழுபட்டுச் சாகக்கூடாது, சட்டை திறந்து ஆளை விட்டுவிட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பட்டன் என்றார். "அப்பம் மானத்த விட உசிரு பெருசுன்னு தச்சிருக்கான்" என்றாள் என் பக்கத்தில் நின்றவள். அன்றைக்குப் புரிந்தது எனக்கு. எதற்காகத் தைக்கிறோம் என்று தெரியாமல் குறை கண்டுபிடிக்கக்கூடாது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் அந்தச் சட்டையின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். முதலில் மாட்டுக்காரன் சட்டை. பிறகு மேடையில் பாடுகிறவர்களும் சினிமாக்காரர்களும் போட்டு, தோளில் ரோஜாப்பூ எம்பிராய்டரியும் கையில் தொங்கும் குஞ்சலமும் ஏறின. பிறகு ஆபீஸ் போகிறவன் விடுமுறைக்குப் போடுகிற சட்டையானது. மாட்டை டிவியில் மட்டும் பார்த்தவன் உடம்பில் ஏறியதும் குஞ்சலம் போனது, உடம்பைப் பிடித்த வெட்டு வந்தது, பெண்களுக்கும் தனி அளவு வந்தது. நடுவில் சில காலம் ஆர்டரே இல்லை. எத்தனை மாறினாலும் யோக் முனை மட்டும் போகவில்லை. அந்த முனையில்தான் எங்கள் உயிரும் இருந்தது.

அதைச் சரியாகத் தைக்க எங்கள் கம்பெனியில் ஒரே ஒருத்திதான். கீழப்பாவூர் முத்துலட்சுமி. பைப்பிங்கைப் பிடித்துக்கொண்டு வருவாள், முனைக்கு ஒரு நூல் முன்னால் நிற்பாள். ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நிற்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, கத்தரிக்கோல் நுனியால் பைப்பிங்கில் மட்டும் ஒரு வெட்டு. இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முனையைக் கிள்ளிப் பிடித்து, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்குவாள். முனை அருவாள் நுனி மாதிரி நிற்கும். மற்றவர்களுக்கு அது கிழவன் மூக்கு மாதிரி வளையும். "மிசின் சரியில்ல" என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

எங்கள் புரொடக்‌ஷன் மாஸ்டர் வேலாயுதம் சார் திருப்பூர்ப் பக்கத்துக்காரர். எல்லாரையும் 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும் அம்மணிதான். அவர் சட்டையை வெளிப்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. கையில் கொடுத்ததும் உள்பக்கம் திருப்புவார். "வெளிய எல்லாரும் அழகாத்தானுங்க இருப்பாங்க" என்பார். தையலில் சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து சின்னக் கட்டரை எடுத்து நாலு தையலைப் பிரித்து, மடிப்புக்குள்ளே பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் பேச்சு. இந்த நிதானத்தால் மேனேஜர் பாஸ்கருக்கு அவரைப் பிடிக்காது. பாஸ்கர் முதலாளியின் மகன், சின்ன முதலாளி என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் பால் பொங்குவதற்கு முன்னாலேயே தண்ணீர் தெளிக்கிற ஆள். அவர் ரூமில் ஒரு மைக் உண்டு. டீ டைம், ஷிப்ட் டைம், யாருக்காவது வீட்டிலிருந்து போன், எல்லாம் அந்த மைக்கில்தான் வரும். தையல் ஹால், பேக்கிங், கேன்டீன், கேட் வரைக்கும் ஸ்பீக்கர் இருந்தது.

நான் சொல்ல வந்த சம்பவம் ஒரு குற்றாலம் சீசனில் நடந்தது. சீசன் சமயத்தில் மட்டும் எங்கள் கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர ஆள் பஞ்சமே கிடையாது. காலையில் சட்டை பார்த்துவிட்டு மத்தியானம் ஐந்தருவிக்குப் போய்விடலாம். அந்த முறை வந்தவர் சென்னைக்காரர், இளம் வயது, வேலையில் கெட்டி. அமெரிக்கக் கம்பெனி சார்பில் பார்த்து, பாஸ் என்று எழுதினால்தான் பெட்டி லாரியில் ஏறும். ஆர்டர் கறுப்புச் சட்டை, வெள்ளைப் பைப்பிங்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று நாம் காட்டக்கூடாது, அவரே அடுக்கின் நடுவிலிருந்து உருவுவார். மேசைமேல் வெள்ளை வெளிச்சம். அளவு நாடா, பட்டன் இழுப்பு, தையல் எண்ணிக்கை, கடைசியில் கறை. இரண்டு பெட்டி நன்றாகப் போனது. மூன்றாவதில் ஒரு சட்டையை எடுத்தவர் கையை நிறுத்தினார். மார்பு முனையில், வெள்ளைப் பைப்பிங்கின்மேல், விரல் நுனி அளவில் செம்பழுப்பாக ஒரு கறை. அடுத்த சட்டையிலும் அதே இடம். அடுத்ததிலும்.

"சார், இது பிளட்" என்றார் பாஸ்கரிடம்.

எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட சொல் இல்லை. சட்டையில் ரத்தம் என்றால் யார் விரலிலோ ஊசி ஏறியிருக்கிறது. ஊசி ஏறினால் உடைந்திருக்கலாம், உடைந்த துண்டு எந்தச் சட்டைக்குள்ளே இருக்கிறதோ? அதனால்தான் ஊசி உடைந்தால் துண்டு துண்டாகத் தேடி ஒட்டிவைத்துக் காட்ட வேண்டும், விரலில் பட்டால் உடனே சொல்ல வேண்டும், பட்ட துணியை எரித்துவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தார்கள் என்று தெரிந்தால் ஆர்டர் மட்டும் போகாது, அமெரிக்காக்காரன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான். ஊரில் பல வீட்டில் அடுப்பு அந்த ஆர்டரில்தான் எரிந்தது.

பாஸ்கர் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார். யோக் லைனில் எல்லாரும் மெஷினை நிறுத்தி எழுந்து நில்லுங்கள், இரண்டு கையையும் நீட்டுங்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோல வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். முத்துலட்சுமியின் இடது ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு வெட்டு.

அவளை மேனேஜர் ரூமுக்குக் கூட்டிப்போனோம். ஊசியா என்று கேட்டார் பாஸ்கர். இல்லை என்றாள் அவள். அருவியில் குளிக்க சொந்தக்காரர்கள் வந்து வீட்டில் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு முந்தாநாள் பலாப்பழம் அரியும்போது அரிவாமனை பட்டுவிட்டது என்றாள். பாஸ்கர் நம்பவில்லை. ஊசி குத்தியதை மறைக்க எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்றார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. "மறைச்சு மறைச்சுத்தான் எங்களக் கவுத்திட்டிய. நாளைலருந்து நீ வராண்டாம்" என்றார்.

வெளியே ஹாலில் ஒரு மெஷின் சத்தமும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், மைக்கை யாரும் அணைக்கவில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் கேட்டுவிட்டது. முத்துலட்சுமி டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு, எல்லா லைனையும் தாண்டி, தலையை நிமிர்த்தியபடியே வெளியே போனாள். அவளை எனக்குத் தெரியும், ஆனால் அவள் விரலிலும் காயம் இருந்ததே! இந்தப் பக்கம் பேசினாலும் தப்பு, அந்தப் பக்கம் பேசினாலும் தப்பு என்று நின்றேன்.

வேலாயுதம் சார் இத்தனை நேரமும் இன்ஸ்பெக்‌ஷன் மேசையைவிட்டு நகரவில்லை. நான் திரும்பி வந்தபோது கறைபட்ட சட்டையை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. கட்டரை எடுத்து யோக் முனையில் நாலு தையலைப் பிரித்தார். மடிப்புக்குள்ளே ஒளிந்திருந்த பைப்பிங்கை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மணி, இங்க வாங்க. ரத்தம் வெளிய சிவப்பா, உள்ள மஞ்சளா இருக்குமுங்களா?"

வெளியே செம்பழுப்பு, மடிப்புக்குள்ளே நல்ல மஞ்சள். இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். அவர் சென்னைக்காரர் என்றாலும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே, ஆரத்தி எடுக்காத வீட்டில் பிறந்தவரா? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் இங்கே சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கறை எடுக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கறைக்கு அடிக்கிற ஸ்பிரே தீர்ந்துபோயிருந்தது. முனையில் லேசாக மஞ்சள் தெரியவும், துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியைத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அயர்னுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சவுக்காரமும் சுண்ணாம்பு மாதிரிதான் வேலை செய்யும். சரியாக அலசாததால் சிவப்பு அப்படியே நின்றுவிட்டது.

கேன்டீனிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. வேலாயுதம் சார் ஒரு கறைமேல் இரண்டு சொட்டு பிழிந்தார். எங்கள் கண் முன்னாலேயே சிவப்பு வடிந்து மஞ்சளானது.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெட்டுக்காயத்துக்கு மஞ்சள் வைத்துத் துணி சுற்றாத வீடு எங்கள் பக்கத்தில் எது? மெஷினில் உட்கார்ந்ததும் துணி வழுக்கியிருக்கும், அவிழ்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு தைத்திருப்பாள். முனையைக் கிள்ளிப் பிடிக்கிறது அந்த விரல்தான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைமேல் லேசான மஞ்சள் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆள் அவள்தான், ரத்தம்தான் இல்லை. ஊசி பட்டால் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. அரிவாமனையைப் பற்றி எந்த விதியும் அன்றுவரை இல்லை. மறுநாள் நான்தான் எழுதி ஒட்டினேன், அது வேறு விஷயம்.

இன்ஸ்பெக்டர் நியாயமாக நடந்துகொண்டார். ரத்தம் இல்லை, காயத்துக்குப் போட்ட மஞ்சள் என்று எழுதினார். ஆனால் கறை கறைதான், பாஸ் போட முடியாது, முனையைப் பிரித்துப் புதுப் பைப்பிங் வைத்துத் தைத்து வையுங்கள், திரும்ப வந்து பார்க்கிறேன் என்றார். அன்றைக்கு அவர் அருவிக்குப் போகவில்லை. போகிற மனநிலை இல்லை என்றார்.

இப்போது பாஸ்கருக்கு வேறு பயம் பிடித்தது. கறைபட்ட அத்தனை முனையையும் யார் தைப்பது? மற்றவர்கள் தொட்டால் கிழவன் மூக்குதான். நானும் வேலாயுதம் சாரும் வெளியே வந்தோம். ரோட்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. முத்துலட்சுமி பஸ் ஸ்டாப்பில், டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்து போயிருக்கிறது, அவள் ஏறவில்லை. வீட்டில் விருந்தாளிகள், அவர்கள் முன்னால் என்ன முகத்தோடு போவது என்று இருந்திருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னோம். வேலைக்கு வா என்றோம். அவள் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"ரத்தமில்லன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி, சரி. அங்கன இருக்க அத்தன பேருக்கும் நா மறைச்சவள்னுதான தெரியும்? மைக்குல சொன்னத மைக்குலயே எடுக்கச் சொல்லுங்கக்கா. அப்பம் வாரேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். பாஸ்கர் முகம் சுருங்கியது. நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா, மைக் எதற்கு, நாளைக்கு எவன் மதிப்பான் என்றார். வேலாயுதம் சார் கறைபட்ட சட்டை ஒன்றை மடித்து அவர் மேசைமேல் வைத்தார்.

"அப்ப இந்த முனைய நீங்களே தச்சுருங்க தம்பி" என்றார். குரல் துளியும் உயரவில்லை.

பாஸ்கர் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, கூப்பிடுங்கள், மைக்கிலேயே சொல்கிறேன் என்றார். நான் போய் முத்துலட்சுமியைக் கூட்டி வந்தேன். சேலையில் ஈரத்தோடு அவள் தன் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள், உட்காரவில்லை. ஹால் முழுக்க மெஷின்கள் நின்றன. ஸ்பீக்கர் கரகரத்தது. சின்ன முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையில் இருந்தது ரத்தம் இல்லை, மஞ்சள், கம்பெனிக்கு ஒரு ஆபத்தும் இல்லை, எல்லாரும் வேலையைப் பாருங்கள் என்றார்.

பத்துப் பதினைந்து மெஷின்கள் ஓடத் தொடங்கின. முத்துலட்சுமி நின்றபடியே இருந்தாள். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பாஸ்கரைத்தான் பார்த்தாள். ஓடின மெஷின்கள் ஒவ்வொன்றாக மறுபடி நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இவர் இதற்கு மேல் இறங்கி வரமாட்டார், இவளும் உட்காரமாட்டாள், எல்லாம் இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது.

"முத்துலட்சுமி எதையும் மறைக்கல. நாந்தான் கேக்காம பேசிட்டேன்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரலுக்கு என்னிடம் பிளாஸ்டர் கேட்டாள். ஒட்டிவிட்டேன். "பைப்பிங்கக் கொண்டாங்கக்கா" என்றாள்.